விடுபட வேண்டிய இணைப்பும் இறுக்கப்பட்ட போல்ட்டும்: ஸ்காம்ப்டன் விபத்து பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் அப்போது இயங்கிவந்த ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்தில், 2011 நவம்பர் 8 அன்று, தரையில் நின்றுகொண்டிருந்த ஹாக் டி.1 ரக ஜெட் விமானம் ஒன்றிலிருந்து அதன் விமானி இருக்கையோடு சேர்த்து மேலே எறியப்பட்டார். விமானத்தின் பதிவெண் எக்ஸ்எக்ஸ் 177. விமானியின் பெயர் ஷான் கன்னிங்காம், வயது 35, ராயல் விமானப்படையின் புகழ்பெற்ற வான்சாகசக் குழுவான ‘ரெட் ஆரோஸ்’ அணியைச் சேர்ந்தவர், இராக்கில் போர்ப்பணி ஆற்றியவர். புறப்படுவதற்கு முந்தைய சோதனைகளைச் செய்துகொண்டிருந்தபோது, ஆபத்து நேரத்தில் விமானியை விமானத்துக்கு வெளியே எறிவதற்கென்றே அமைந்த அந்த ‘வெளியேற்று இருக்கை’, அவர் விரும்பி இயக்காமலேயே வெடித்துக் கிளம்பியது. சுமார் 200 முதல் 300 அடி உயரம் வரை அவரைக் கொண்டுசென்ற அந்த இருக்கையிலிருந்து பாராசூட் வெளிவரவில்லை. இருக்கையில் கட்டப்பட்ட நிலையிலேயே தரையில் விழுந்த அவர் பலத்த காயங்களால் உயிரிழந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர்ன்மத் வான்காட்சிக்குப் பிறகு அந்த அணி இன்னொரு விமானியை இழந்திருந்தது. அந்த விபத்துக்கும் இதற்கும் தொழில்நுட்பத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்று மாத இடைவெளியில் நேர்ந்த இரண்டாவது மரணம் என்பதால் ஸ்காம்ப்டன் நிகழ்வு பிரிட்டன் முழுவதையும் உலுக்கியது. இருக்கையில் என்ன கோளாறு என்பது தெரியும்வரை, இதே வகை இருக்கை பொருத்திய விமானங்களின் அவசியமற்ற பறப்புகள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன.

இந்த நிகழ்வில் ஒன்றையொன்று சாராத இரண்டு பழுதுகள் உள்ளன. இருக்கை தானாகக் கிளம்பியது முதலாவது. கிளம்பிய இருக்கையிலிருந்து பாராசூட் விரியாதது இரண்டாவது. செய்திகளில் முதலாவதே அதிகம் பேசப்பட்டது. ஆனால் கன்னிங்காமின் உயிரைப் பறித்தது இரண்டாவதுதான். அவர் அமர்ந்திருந்தது மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் மார்க் 10 வரிசை இருக்கை. உயரம் பூஜ்யம், வேகம் பூஜ்யம் என்ற நிலையிலும், அதாவது விமானம் ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போதும், விமானியை மேலே எடுத்துச்சென்று பாராசூட்டை விரித்துத் தரையிறக்கும்படி வடிவமைக்கப்பட்ட இருக்கை அது. எனவே தரையில் நேர்ந்த அந்தத் தற்செயலான வெளியேற்றம் காயத்தோடு முடிந்திருக்க வேண்டிய நிகழ்வு. மரணத்தில் முடிந்ததற்கான காரணம் இருக்கையின் உச்சியில் இருந்த ஒரு போல்ட்டில் இருக்கிறது. பாராசூட் சாதனங்களின் பராமரிப்பு, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் ‘தரமற்ற வேலை’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை நாம் மறுபடி யோசிக்க வேண்டியிருப்பதும் அந்தப் போல்ட்டினால்தான்.

இருக்கை இயங்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் இது புரியும். விமானி தன் கால்களுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியை இழுத்தவுடன் இருக்கையின் பின்புறக் குழாயிலுள்ள வெடிமருந்து எரிந்து இருக்கையைத் தண்டவாளம் போன்ற அமைப்பின் வழியே மேலே தள்ளுகிறது. அடுத்து இருக்கையின் அடியிலுள்ள ராக்கெட் அதை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. இதற்கிடையில் ஒரு சிறு துப்பாக்கி போன்ற கருவி வெடித்து, ‘ட்ரோக்’ எனப்படும் சிறிய பாராசூட்டுகளை வெளியே இழுத்துவிடுகிறது. இந்தச் சிறு பாராசூட்டுகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலில் அவை இருக்கை உருண்டு புரளாமல் நிமிர்த்திப் பிடிக்கின்றன. அந்தக் கட்டத்தில் அவை இருக்கையின் உச்சியோடு உறுதியாக இணைந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு விநாடிகளில் நேரக்கருவி வேலை செய்ததும் அந்த இணைப்பு விடுபட வேண்டும். விடுபட்டால்தான் ட்ரோக்கின் இழுவிசை பிரதான பாராசூட்டுக்கு மாறி, அதைத் தலைக்குப் பின்னாலுள்ள பெட்டியிலிருந்து வெளியே இழுக்கும். பிரதான பாராசூட் விரியும்போது அது விமானியை இருக்கையிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளும். ஆகவே ட்ரோக்கையும் இருக்கையையும் சேர்க்கும் ‘ஷேக்கிள்’ என்ற உலோகக் கொக்கிதான் இந்த முழு வரிசைக்கும் திருப்புமுனை. முதல் கணத்தில் அது பிடித்திருக்க வேண்டும், மறுகணத்தில் விட்டுவிட வேண்டும்.

எக்ஸ்எக்ஸ் 177 விமானத்தில் அது பிடித்தது, விடவில்லை. ட்ரோக்கின் ஷேக்கிளும், இருக்கையின் உச்சியில் கத்தரிபோல் திறக்கவேண்டிய ஷேக்கிளும் சேரும் இடத்தில், குறுக்கே செல்லும் போல்ட்டின் நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது. இவ்வகை ஷேக்கிளுக்கு இரண்டு காதுகள் உண்டு. போல்ட்டை இறுக்க இறுக்க அந்தக் காதுகள் உள்நோக்கி நெருங்கி, நடுவிலுள்ள பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நேரக்கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், கத்தரி திறந்தாலும், உராய்வின் பிடியில் ட்ரோக் ஷேக்கிள் அங்கேயே சிக்கி நிற்கும். வேகமாகப் பறக்கும் விமானத்திலிருந்து வெளியேறும்போது காற்று ட்ரோக்கை மிகுந்த விசையோடு இழுக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்த விசை மிகக் குறைவு. இந்தப் பழுது எந்த நிலையில் உயிரைக் காவு வாங்குமோ, அந்த நிலையில்தான் கன்னிங்காம் இருந்தார்.

இனி, அந்தப் போல்ட்டை இறுக்கியவரின் இடத்தில் நின்று பார்ப்போம். வெளியேற்று இருக்கைகள் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை விமானத்திலிருந்து கழற்றப்பட்டு, வெடிபொருட்களும் பாராசூட்டும் சோதிக்கப்பட்டு மீண்டும் பொருத்தப்படுபவை. அப்போது இந்த ஷேக்கிள் போல்ட்டும் கழற்றி மாட்டப்படும். விமானப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற எந்தத் தொழில்நுட்பரின் கையிலும் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு: நட்டு தளரக் கூடாது. அதிர்வில் கழன்றுவிடாதபடி தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகளைப் போட்டு, அதன் முகப்பைத் தாண்டி போல்ட்டின் மரை குறைந்தது ஒரு சுற்றாவது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பது விமானத்துறையின் பொதுவான நடைமுறை. விமானத்தின் ஆயிரக்கணக்கான இணைப்புகளில் இது சரியான, உயிர்காக்கும் பழக்கம். ஆனால் விடுபடுவதற்கென்றே வைக்கப்பட்ட ஓர் இணைப்பில், நன்றாக இறுக்கிய நட்டு என்பதே பழுது. இந்த இடத்தில் ஒரு கட்டத்துக்குமேல் இறுக்கக் கூடாது என்றும், இறுக்கினால் பாராசூட் வெளிவராது என்றும் சொல்லப்படாதவரை, அக்கறையுள்ள தொழில்நுட்பர்தான் இந்தத் தவறைச் செய்ய அதிக வாய்ப்பு உண்டு. அலட்சியமாக வேலை செய்பவர் ஒருவேளை அதைத் தளர்வாகவே விட்டிருப்பார். இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இதே குணம் பாராசூட் பழுதுபார்ப்பின் மற்ற கிளைகளிலும் உண்டு. உடலைத் தாங்கும் நைலான் பட்டைகளில் தையல் பிரிந்தால், பழகாத கை ‘வலுவாக இருக்கட்டும்’ என்று தையலின்மேல் தையல் போடும். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் பட்டையின் இழைகள் சேதப்படக்கூடும் என்பதால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தையல் பட்டையை வலுவிழக்கச் செய்யும். எந்த நூல், அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த வடிவில் என்பதெல்லாம் தயாரிப்பாளரின் கையேட்டில் வரையறுக்கப்படுவது இதனால்தான். அமெரிக்காவில் பாராசூட்டை மடித்து அடைக்கவும் சிறு பழுதுகளைச் சரிசெய்யவும் ஒரு நிலை உரிமமும், பெரிய பழுதுகளைச் சரிசெய்ய அதற்கும் மேலான ‘மாஸ்டர் ரிக்கர்’ உரிமமும் சட்டப்படி தேவைப்படுகின்றன. அங்கே நைலான் போன்ற செயற்கை இழையாலான மாற்றுப் பாராசூட்டை 180 நாட்களுக்கு ஒருமுறை உரிமம் பெற்றவர் பிரித்துப் பார்த்து மறுபடி அடைத்து முத்திரையிட வேண்டும். இந்த விதிகளின் பின்னாலிருக்கும் புரிதல் ஒன்றே: பாராசூட் சாதனத்தில் நல்ல வேலையையும் மோசமான வேலையையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. தைத்த பட்டை அழகாகவே இருக்கும். இறுக்கிய போல்ட் திடமாகவே தெரியும்.

சோதித்துப் பார்ப்பதும் எளிதல்ல. ஒரு விமானத்தின் பிரேக்கைப் பழுதுபார்த்தால் ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கலாம். வெளியேற்று இருக்கையைப் பழுதுபார்த்தபின் வெடிக்கவைத்துப் பார்க்க முடியாது. வெடித்தால் அந்த இருக்கை அதோடு முடிந்தது. ஆகவே ஒவ்வொரு இருக்கையும் தன் வாழ்நாளில் முதன்முறையாக முழுமையாக இயங்குவது ஓர் உயிர் அதில் உட்கார்ந்திருக்கும்போதுதான். பெரும்பாலான இருக்கைகள் ஒருமுறைகூட இயங்காமலேயே ஓய்வுபெறுகின்றன. அவற்றில் எத்தனை தவறாகப் பொருத்தப்பட்டிருந்தன என்பதை அவை இயங்காததால் எவரும் அறியப்போவதில்லை. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட ஒரு போல்ட், ஆய்வுக்கு வருபவரின் கண்ணுக்கு ஒரு குறையாகவே படாது; தளர்ந்திருந்தால்தான் அவர் நிறுத்திக் கேட்பார். இரண்டாவது நபர் ஒருவர் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் முறை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், முதலாமவருக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாதபோது அந்தக் கையெழுத்தால் பயனில்லை.

அப்படியானால் இந்த அபாயம் யாருக்குமே தெரியாதா? இங்கேதான் வழக்கு தன் மையத்துக்கு வருகிறது. ஷேக்கிள் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் இணைப்பு சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்துக்கு 1990 முதலே தெரிந்திருந்தது. தன் இருக்கைகளைப் பயன்படுத்தும் வேறு சில நாடுகளுக்கு அது எச்சரிக்கையும் அனுப்பியிருந்தது. ஆனால் தன் சொந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் ராயல் விமானப்படைக்கும் அந்த எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பேனரைப் பிடித்த கைகளுக்கு அந்தத் தகவல் எட்டவில்லை என்பதே இதன் பொருள். இத்தனைக்கும், ஆயிரக்கணக்கான விமானிகளின் உயிரைக் காத்த இருக்கைகளைச் செய்த நிறுவனம் அது. பறக்கும் விமானத்திலிருந்து ஆளோடு நடத்தும் தன் முதல் சோதனையை 1946 ஆம் ஆண்டிலேயே நடத்தி இத்துறைக்கு வழிவகுத்த நிறுவனம். திறமைக் குறைவால் நேர்ந்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெரிந்ததை எல்லோருக்கும் சொல்வதற்கான ஒழுங்கு ஒன்று இல்லாமற்போனதே குறை.

இந்திய வாசகர்களுக்கும் இது அயலூர்ச் செய்தி அல்ல. இந்திய விமானப்படை தன் இளம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஹாக் 132 விமானங்களிலும் இதே நிறுவனத்தின் மார்க் 10 வரிசை இருக்கைகளே உள்ளன. ஒரே வரிசை இருக்கை பல நாடுகளில், பல கையேடுகளின்படி, பல மொழி பேசும் கைகளால் பராமரிக்கப்படும்போது, ஓரிடத்தில் கண்டறியப்பட்ட அபாயம் மற்ற எல்லா இடங்களுக்கும் போவதை எந்த ஒப்பந்தமும் தானாக உறுதிசெய்துவிடாது.

முதல் பழுதையும் சொல்லியாக வேண்டும். கிளப்பும் கைப்பிடி, விமானம் கடைசியாகப் பறந்த நவம்பர் 4 ஆம் தேதியிலிருந்தே பாதுகாப்பற்ற நிலையில் இடம்பெயர்ந்து இருந்திருக்கிறது. அந்நிலையிலும், கைப்பிடி தவறி இழுபடாமல் தடுப்பதற்கான பாதுகாப்பு ஊசியை அதில் செருக முடிந்ததால், பார்ப்பவர்களுக்கு இருக்கை பூட்டப்பட்டிருப்பதாகவே தோன்றியது. நான்கு நாட்களில் ஏழு பேர், மொத்தம் 19 முறை அதைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. லிங்கனில் 2014 ஜனவரியில் நடந்த அந்த விசாரணையின் முடிவில், மரண விசாரணை அதிகாரி அந்த ஊசியின் அமைப்பை முற்றிலும் பயனற்றது என்று கடுமையாகக் குறிப்பிட்டார். போல்ட் பற்றிய எச்சரிக்கை விமானப்படைக்குச் சொல்லப்படாததையும் மிகத் தீவிரமான தகவல்தொடர்புத் தவறாகக் கண்டார். இரண்டு பழுதுகளுக்கும் பொதுவான தன்மை ஒன்று இருப்பதை நாம் கவனிக்கலாம். ஊசி செருகப்பட்டிருந்தது, போல்ட் இறுக்கப்பட்டிருந்தது. இரண்டுமே ‘சரி’ என்ற தோற்றத்தைத் தந்தன.

குற்ற வழக்கைத் தொடர்ந்தது பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு. பணியிடப் பாதுகாப்பு தொடர்பான 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தன் ஊழியர் அல்லாதவர்களை ஆபத்துக்கு உள்ளாக்காமல் காக்கும் கடமையில் தவறியதாக நிறுவனம் 2018 ஜனவரியில் லிங்கன் கிரவுன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் 23 ஆம் தேதி 11 லட்சம் பவுண்டு அபராதமும், வழக்குச் செலவாக 5,50,000 பவுண்டும் செலுத்தும்படி தீர்ப்பளிக்கப்பட்டது. விபத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. ஒரு குடும்பம் அத்தனை காலம் காத்திருந்தது.

இத்தீர்ப்பு சரியான இடத்தில் விழுந்தது என்பதே என் கருத்து. போல்ட்டை இறுக்கிய தனிமனிதரைத் தேடிப்பிடித்துக் கூண்டில் நிறுத்துவது எளிதாக இருந்திருக்கும். மோசமான பழுதுபார்ப்பு என்றவுடன் நம் மனம் முதலில் ஓடுவதும் அந்தக் கையை நோக்கித்தான். ஆனால் அவருக்குத் தரப்பட்ட அறிவுக்குள் நின்று அவர் செய்த வேலை ஒழுங்கானது. அதே வேளையில், பாதுகாப்பு அமைச்சகமும் விமானப்படையும் முழுக்க விடுபட்டுவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. விடுபட வேண்டிய ஓர் இணைப்பில் எவ்வளவு இறுக்கம் அனுமதிக்கப்படுகிறது என்ற கேள்வியை, தயாரிப்பாளர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பல பத்தாண்டுகள் அந்த இருக்கைகளைக் கழற்றி மாட்டிய ஓர் அமைப்பின் பொறியாளர்கள் கேட்டிருக்க வேண்டும். சொல்லாதவரின் குற்றம் பெரிது. கேட்காதவரின் பங்கும் அதில் உண்டு.

பொறியியல் பார்வையில் இத்தகைய இணைப்புக்குத் தீர்வு கடினமானதல்ல. தோள் வைத்த போல்ட் ஒன்றைப் பயன்படுத்தினால், நட்டு அந்தத் தோளில் போய் முட்டி நின்றுவிடும். எவ்வளவு பலம் போட்டு இறுக்கினாலும் ஷேக்கிளின் காதுகள் நெருங்காது, நடுவிலுள்ள இடைவெளி மாறாது. அப்போது தொழில்நுட்பரின் பழக்கமும் இணைப்பின் தேவையும் மோதிக்கொள்ள இடமிருக்காது. வடிவத்தை மாற்ற முடியாத பழைய சாதனங்களில், பணிக்குறிப்புத் தாளில் இறுக்கத்தின் அளவை எழுதுவதோடு நில்லாமல், அதற்குக் கீழே காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்: இந்த இணைப்பு விடுபட்டால்தான் பிரதான பாராசூட் வெளிவரும். பொருத்தி முடித்தபின் ஷேக்கிளைக் கையால் அசைத்துப் பார்த்து, அது தடையின்றி அசைகிறது என்பதைத் தனிப் பதிவாகக் கையெழுத்திட வைக்க வேண்டும். அளவை மட்டும் எழுதினால் அது பிறகு வரும் திருத்தங்களில் மாறலாம், படியெடுக்கும்போது விடுபடலாம். காரணமும் எழுதப்பட்டிருந்தால், அந்த அளவு விடுபட்டுப்போன தாளைப் பார்க்கும் தொழில்நுட்பர் வேலையை நிறுத்திவிட்டு விசாரிப்பார்.